அடிச்சதா, ஊத்துனதா?

என் ஏழுமலை அண்ணாவுக்கு,

நல்லா இருக்கியா என்று எழுதத்தான் கை போகிறது. எட்டாத இடத்தில் இருக்கிறவனிடம் வேறு எதைக் கேட்பது? காலடிப்பேட்டையில் நம் தெரு அப்படியேதான் இருக்கிறது. தண்ணீர் லாரி வந்தால் குடத்தை வைத்துவிட்டுச் சண்டைக்கு நிற்கிறோம். பாதிப் பேர் கையில் இப்போது செல்போன் இருப்பதால் சண்டையை நடுவில் நிறுத்தி, பேசி முடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறார்கள். உனக்குச் சிரிப்பு வரும்.

இதை எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று தெரியாமல்தான் நம் சங்கத்து இதழில் கொடுக்கிறேன். பட்டறையில் எல்லோரும் படிப்பார்கள். படிக்கட்டும். உன் படத்துக்கு முன்னால் நின்று தனியாக அழுவது எனக்குச் சுலபம். ஐந்து வருடமாக அதைத்தான் செய்துவருகிறேன், அதில் உனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

இந்த இதழ் வேறு ஆலைகளுக்கும் போகும் என்பதால் அவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். விம்கோ நகரில் எங்கள் பட்டறையில் எந்தச் சாமானையும் செய்வதில்லை. வெளியே செய்த ஸ்டீல் சாமான்களை வாங்கி, உலையில் சிவக்கச் சுட்டு, குளிரவைத்து, உறுதியாக்கித் திருப்பிக் கொடுப்போம். அண்ணன் உலை ஆபரேட்டர். சாமான் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று மெஷினில் அழுத்திப் பார்த்து எழுதுகிறவள் நான். உள்ளே வருகிற பெட்டிகளைச் சரிபார்த்துச் சாக்பீஸால் குறி போடுவதும் என் வேலைதான்.

உலைக்கு முன்னால் யார் நின்றாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "அடிச்சதா, ஊத்துனதா?" காய்ச்சிய இரும்பைச் சம்மட்டி மெஷினில் அடித்து உருவாக்கியது அடிச்சது. உருக்கி அச்சில் ஊற்றி எடுத்தது ஊத்துனது. வரைபடம் ஒன்றாக இருக்கும், அளவும் ஒன்றாக இருக்கும். லேத்தில் கடைந்து முடித்துவிட்டால் பெற்றவனுக்கே அடையாளம் தெரியாது. ஆனால் உள்ளே இரண்டும் வேறு. அடி வாங்கியதில் இரும்பின் மணிகள் பொடிந்து, நெருங்கி, சாமானின் வளைவோடு சேர்ந்து ஓடியிருக்கும். ஊற்றியதில் மணிகள் பருத்து, நடுநடுவே சின்னப் பொக்கைகளோடு கிடக்கும். அதை ஒருமுறை சுட்டு, காற்றில் ஆறவிட்டு, மணிகளைச் சன்னமாக்கிக்கொண்டுதான் மறுபடி சுட வேண்டும். அப்போதும் எண்ணெயில் இறக்கினால்தான் நிதானமாகக் குளிரும். நாங்கள் பார்க்கிற சாமான்களில் அடிச்சதைத் தைரியமாகத் தண்ணீரில் இறக்கலாம். ஊத்துனதை அப்படி இறக்கினால் விரிசல்தான்.

எண்ணெயில் இறக்குவதற்கு எங்கள் பட்டறையில் எண்ணெ போடறது என்று பெயர். தண்ணீரில் இறக்குவதற்குத் தண்ணி போடறது. காலை ஷிப்டு தொடங்கினால் "தண்ணி போட்டாச்சா?" "போட்டுகினு கீறேன்" என்று நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருப்போம். புதிதாக வருகிறவர்கள் ஒரு வாரம் சிரிப்பார்கள். அப்புறம் அவர்களும் கத்துவார்கள்.

இரும்புப் பொடியை அழுத்திச் சுட்டுச் செய்கிற புஷ் வளையங்களும் வருமே, ஞாபகம் இருக்கிறதா? உள்ளே துளைகள் இருப்பதால் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். அதற்குக் குடிகாரன் என்று பெயர் வைத்தவன் நீ. "இந்தப் பட்டறைல குடிக்கறவன் இவன் ஒருத்தன்தான்" என்பாய். அந்தப் புஷ்ஷை என் மெஷினில் வைத்தால் உறுதி குறைவாகக் காட்டும். இரும்பு நன்றாகத்தான் இருக்கும், மெஷின் அந்தத் துளைகளையும் சேர்த்து அளந்துவிடும். காட்டுகிற எண்ணை அப்படியே நம்பக்கூடாது என்று எனக்குத் தெரியும். இரும்பு விஷயத்தில் எனக்கு எல்லாம் தெரியும், அண்ணா.

நீ அப்படிக் கிண்டல் செய்ய முடிந்தது, குடியை விட்டிருந்ததால்தான். அதற்கு முன்னால் நீ குடித்ததை நான் மறைக்கப் போவதில்லை. சனிக்கிழமை டோல்கேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால் நீ வீடு வந்து சேருவது உன் கையில் இருக்காது. "ஓவர்டைம் அண்ணி" என்று அமுதா அண்ணியிடம் கூசாமல் புளுகியவள் நான். பிரியா பிறந்ததும் அவள் தலையில் கைவைத்து இனிமேல் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தாய். மூன்று வருடம் தொடவில்லை. அண்ணி முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் சதை பிடித்தது.

அந்த மூன்றாம் வருடத்தில்தான் அந்தக் கப்ளிங் பெட்டிகள் வந்தன. காசிமேட்டு விசைப்படகுகளில் வலை இழுக்கிற விஞ்சில் தண்டுகளை இணைக்கப் போகிறவை. இரண்டு பெட்டி, பெட்டிக்குப் பன்னிரண்டு. ஒரு பெட்டி எப்போதும்போல அடித்து வாங்கியது. அவசரம் என்று இன்னொரு பெட்டியை வேறு இடத்தில் ஊற்றி வாங்கியிருந்தார்கள். இரண்டையும் ஒரே லேத்தில் கடைந்து, பளபளவென்று ஒரே வண்டியில் அனுப்பிவிட்டார்கள். சாமானோடு வந்த சலானின் இரண்டாம் தாளில் அது எழுதியிருந்தது. நான் முதல் தாளோடு நிறுத்திவிட்டேன். இரண்டு பெட்டியிலும் 'அ' என்று பெரிதாகப் போட்டேன். ஒன்றில் 'ஊ' போட்டிருக்க வேண்டும்.

நீ கேட்டாய். கேட்காமல் நீ எதையும் உலைக்குள் தள்ளியதில்லை. "கஸ்தூரி, ரெண்டும் அடிச்சதா?"

"குறி கீதுல்ல? கண்ணாடி வாங்கிப் போடுண்ணா" என்றேன்.

முதல் பெட்டி ஒழுங்காக வந்தது. இரண்டாவது பெட்டியைத் தொட்டியில் இறக்கியதும் டக், டக் என்று சத்தம் கேட்டது. பன்னிரண்டில் ஒன்பது விரிசல் விட்டிருந்தன. நீ சலானைப் புரட்டினாய். பெட்டியைப் பார்த்தாய். அப்புறம் என்னைப் பார்த்தாய். அந்த மாதம்தான் என் வேலையை நிரந்தரமாக்குகிற பேச்சு நடந்துகொண்டிருந்தது. கையிலிருந்த அழுக்குத் துணியால் அந்த 'அ'வைத் துடைத்துவிட்டு, "நான் பாத்துக்கறேன், நீ வாயத் தொறக்காத" என்றாய்.

மறுநாள் விசாரணை. தலைமை அலுவலகத்திலிருந்து புதிதாக வந்திருந்த அதிகாரி அவர். பட்டறைக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன், உனக்கு நாற்காலி போட்டு டீ வரவழைத்தார். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று வாக்குமூலம் எழுத என்னையே உட்காரவைத்தார்கள். அதில் ஒரு வரியையும் நான் மறக்கவில்லை.

"என்னப்பா நடந்துச்சு?"

"தண்ணி போட்டது என் தப்புதான் சார். போட்டிருக்கக் கூடாது."

"வேலை நேரத்துலயா?"

"வேலை நேரத்துலதான சார் போட முடியும்?"

"இது வழக்கமா நடக்கறதா?"

"தெனமும் போடறதுதான் சார். அன்னிக்குப் பாத்துப் போட்டிருக்கணும்."

அவர் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். அவர் வேறு எதையோ கேட்கிறார், நீ வேறு எதையோ சொல்கிறாய் என்று அந்த நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது. நீ விவரமாகச் சொல்லியிருந்தால் அவருக்கும் புரிந்திருக்கும். விவரமாகச் சொன்னால் குறி போட்டது யார் என்று அடுத்த கேள்வி வரும். அதற்காகத்தான் நீ இரண்டு வார்த்தையில் முடித்துக்கொண்டாய். என் பேனா நின்றது. உன்மேல் பழி எழுதத் தயங்குகிறேன் என்று நினைத்து, எழுது என்று கண்ணாலேயே சொன்னாய். ஓர் எழுத்தும் மாற்றாமல் எழுதினேன். நீ கையெழுத்துப் போட்டாய்.

நாலாம் நாள் கடிதம் வந்தது. பணி நேரத்தில் மது அருந்தியதையும், அது தினசரி வழக்கம் என்பதையும் தாமே ஒப்புக்கொண்டதால் வேலைநீக்கம்.

நீ முதலில் சிரித்தாய். "இன்னாடி இது, குடிச்சேனாம்!" அப்புறம் என்னிடம், "நீதான எழுதுன, போய் சொல்லேன். தண்ணி போடறதுன்னா இன்னான்னு சொல்லு, போதும்" என்றாய். சொல்றேண்ணா என்றேன். அந்த அறை வாசல்வரை போனேன். உள்ளே போய் ஆரம்பித்தால் சலானைக் கேட்பார்கள், இரண்டாம் தாளைப் பார்ப்பார்கள், பெட்டியைச் சரிபார்த்தது யார் என்பார்கள். திரும்பி வந்துவிட்டேன். சங்கத்திலிருந்து போய்ப் பேசினார்கள். "அவரே சொன்னது, எழுதினது அவர் தங்கச்சி" என்று தாளை எடுத்துக் காட்டினார்களாம். சங்கத்துக்காரர்கள் என்னிடம் வந்து கேட்டபோது, "அவர் சொன்னதைத்தான் எழுதினேன்" என்றேன். அது பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் ஒருவேளை எனக்குத் தூக்கமாவது கெட்டிருக்கும்.

நீ இன்னொரு தடவை கேட்டாய். அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஏன் கேட்காமல் விட்டாய்? என் முகத்திலேயே பதில் தெரிந்துவிட்டதா? என்மேல் உனக்குக் கோபமே வரவில்லையா, வந்ததை விழுங்கிவிட்டாயா? அந்த மாதக் கடைசியில் என் வேலை நிரந்தரமானது. நீதான் எல்லோருக்கும் பாதுஷா வாங்கிக் கொடுத்தாய்.

அண்ணியிடம் நீயே சொல்லிப் பார்த்தாய். "தண்ணி போட்டேன்னுதான் சொன்னேன் அமுதா, அது வேற தண்ணி." அண்ணி, "ஆமா, வேற தண்ணிதான். கலரு தண்ணி" என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். நீயும் நானும் சேர்ந்து அவளை எத்தனை சனிக்கிழமை ஏமாற்றியிருக்கிறோம். அந்த வேலைநீக்கக் கடிதத்தைப் பார்த்தபின் எந்தப் பட்டறையிலும் உனக்கு வேலை கிடைக்கவில்லை. குடிக்கிறவனை உலைக்கு முன்னால் யார் நிறுத்துவார்கள்? கன்டெய்னர் யார்டில் தினக்கூலிக்கு மூட்டை தூக்கினாய். மூன்று வருடம் அப்படி ஓடியது.

அப்புறம் மஞ்சள்காமாலை வந்தது. வேறு எந்த நோய் வந்திருந்தாலும் தேவலை. அந்தக் கோடையில் குழாயில் சாக்கடை கலந்து வந்து நம் தெருவிலேயே ஏழெட்டுப் பேருக்குக் காமாலை. மற்றவர்கள் வீட்டுக்குப் போனவர்கள் தண்ணியைக் காய்ச்சிக் குடிங்க என்றார்கள். உன்னைப் பார்க்க வந்தவர்கள் அண்ணியின் தோளைத் தட்டி, "இன்னா பண்றது, குடிச்சவன் ஈரலு அவ்ளோதான்" என்றார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. நீ பத்தொன்பதாம் நாள் போய்விட்டாய்.

இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். தெரியாததைச் சொல்கிறேன்.

நம் பிரியா ஆறாவது படிக்கிறாள். உன் மூக்கு, உன் நடை, கணக்கில் மட்டும் அண்ணி. அவளுக்கு அடிக்கடி காய்ச்சல் வரும். போன மாதம் காய்ச்சலோடு என் மடியில் படுத்திருந்தவள் திடீரென்று கேட்டாள்: "அத்தை, அப்பா எந் தலைல கைய வெச்சு சத்தியம் பண்ணிட்டுக் குடிச்சாராமே? அதனாலதான் எனக்கு இப்டி வருதா?"

நீ போய்ச் சேர்ந்துவிட்டாய், உன் பெயர் கெட்டது கெட்டதுதான் என்று நான் என்னையே சமாதானம் செய்து வைத்திருந்தேன். ஒரு குழந்தை தன் உடம்புக்கு வருகிற நோய்க்கெல்லாம் அப்பனைக் காரணமாக நினைத்து வளர்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருக்க வேண்டும். அடுத்த தெருவில்தானே இருக்கிறேன்.

அன்றைக்கே அண்ணியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். சலான், குறி, நீ துணியால் துடைத்தது, நான் வாசல்வரை போய்த் திரும்பியது, எதையும் விடவில்லை. அண்ணி நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே கேட்டாள். கடைசியில், "ஓவர்டைம்னு சொன்னவதான நீ. செத்தவருக்கு இன்னாத்துக்கு இன்னும் பொய்யி?" என்றாள்.

எனக்குக் கிடைக்க வேண்டியதுதான். எட்டு வருடம் கழித்து உண்மையைச் சொன்னால் அது பழைய பொய் மாதிரியே இருக்கிறது.

ஆயுத பூசைக்கு முந்தின நாள் பட்டறையைக் கழுவ வீட்டுப் பெண்களும் வருவார்களே. உன் வேலை போன நாளிலிருந்து அண்ணி வந்ததில்லை. "ஒரு தடவ வா அண்ணி. நான் ஒரு வார்த்த பேச மாட்டேன். நீ சும்மா நின்னு காதுல வாங்கிகினு போ" என்று காலில் விழாத குறையாகக் கூப்பிட்டேன். என்ன நினைத்தாளோ, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

நாங்கள் போனபோது கடைசி லோடு உலைக்குள் போகவிருந்தது. இப்போது அங்கே ஆபரேட்டர் தணிகாசலம் என்று ஒருவர். இரண்டு வருடம் முன்புதான் வந்தார், உன்னைப் பார்த்ததுகூட இல்லை. அண்ணி தரையில் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தணிகாசலம் அந்தப் பக்கம் பெட்டி இறக்குகிறவரைப் பார்த்துக் கத்தினார்: "அண்ணாத்த, இது அடிச்சதா, ஊத்துனதா?"

"ஊத்துனது!"

"நல்ல வேள கேட்டேன். அடிச்சதுன்னு நெனச்சு தண்ணி போட இருந்தேன்!"

துடைப்பம் நின்றது. அண்ணி மெதுவாக நிமிர்ந்து அவர் பக்கம் போனாள். "அண்ணே, இப்ப இன்னா சொன்ன நீ?"

அவர் பயந்துபோனார், ஏதோ தப்பாகப் பேசிவிட்டோம் என்று. "ஐயே, அது குடிக்கற தண்ணி இல்லம்மா. தோ, இந்தத் தொட்டித் தண்ணி. சுட்ட சாமான இதுல எறக்கறதத்தான் தண்ணி போடறதுன்னுவோம். அடிச்ச சாமான் தாங்கும். ஊத்துனதுக்குத் தண்ணி போட்டா வெடிச்சிடும், அதுக்கு எண்ணெதான் போடணும். தெனமும் போடறதுதாம்மா, ஒண்ணும் தப்பா நெனச்சுக்காத."

அண்ணி அந்தத் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன், பேசவில்லை.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். இரண்டு பஸ் வந்து போனது. அண்ணி ஏறவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"வேல போனதுலேருந்து தெனமும் வூட்டுக்கு வந்ததும் ஊதுன்னுவேன் கஸ்தூரி. மூணு வருஷம். போவப்போவ நான் கேக்கறதுக்கு முந்தியே வந்து நின்னு, ஊதிட்டு, அப்பறம்தான் செருப்பக் கழட்டுவாரு. ஒரு வாசனயும் வராது. வராததுக்கும் திட்டுவேன், ஏலக்கா மென்னுட்டு வந்துகீறன்னு. ஆஸ்பத்திரில கடைசி நாளு, பேச்சு நின்னு போச்சு. கையாட்டிக் கிட்ட கூப்புட்டாரு. இன்னாவோ சொல்லப் போறாருன்னு குனிஞ்சேன்."

லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"ஊதுனாரு" என்றாள்.

அண்ணா, அண்ணி என்னை அங்கேயே செருப்பால் அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பிரியாவை உட்காரவைத்து, "உங்கப்பா உம்மேல பண்ண சத்தியத்தக் காப்பாத்திட்டுதான் போனாரு. அம்மாதான் நம்பல" என்று சொன்னாள். என்னைப் பற்றி அந்தக் குழந்தையிடம் குறையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னிடம் பேசுகிறாள், முகத்தை மட்டும் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

வருகிற திங்கட்கிழமை ஆபீஸில் எழுதிக் கொடுக்கப் போகிறேன். குறியைத் தப்பாகப் போட்டது நான், அண்ணன் என்னைக் கேட்டுவிட்டுத்தான் உலையில் வைத்தார், தண்ணி போட்டது என்றால் எங்கள் பட்டறையில் இதுதான் அர்த்தம், அந்த வாக்குமூலத்தை எழுதிய கையும் இதுதான் என்று நாலு வரி. அதிகாரி மாறிவிட்டார், தாள் மட்டும் அலமாரியில் இருக்கிறது. அதைத் திருத்தாமல் நான் விடப்போவதில்லை. என் வேலை போகலாம். போனால், எட்டு வருடம் உன் வேலையைத்தான் நான் பார்த்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறேன்.

பிரியாவும் கூட வருகிறேன் என்கிறாள். நீ குடிக்கவில்லை என்று எழுதிய தாளை அவள் கையில் வாங்கி, சத்தமாக வாசித்து முடிக்கிறவரை அந்த அறையைவிட்டு வரமாட்டேன். அவள் தலையில் கைவைத்து இதைச் சொல்ல எனக்கு அருகதை இல்லை. வெறுமனேதான் சொல்கிறேன் அண்ணா. செய்வேன்.

உன்மேல் விழுந்த தப்புக்குச் சொந்தக்காரி,
உன் தங்கச்சி கஸ்தூரி